எட்டடிக்குப் பத்தடி

பாபுராவ் தெரு விடுதியில்
முதல் அறையைத் தையற்காரர் டேப்பால் அளந்தேன்.
எட்டடிக்குப் பத்தடி.
ஒரு கட்டில், ஒரு பம்ப் ஸ்டவ்,
சுவரில் யார் யாரோ
வங்காளத்தில் கிறுக்கிப்போன ஃபோன் எண்கள்.
மேலாளர் முனவ்வர் கேட்டார்:
"வாடகைக்கா மேடம், விலைக்கா?"

கதிரியக்க அயோடின் குடித்தவர்களுக்கு
எங்கள் துறை ஒரு தாள் தரும்.
தனி அறையில் உறங்கவும்.
குழந்தையைத் தூக்க வேண்டாம்.
ஆறடி தள்ளியிருக்கவும்.
அந்த வாசகங்கள் என்னுடையவை.
பதினோரு வருடமாய் அடியில் இருக்கும்
கையெழுத்தும்.

மால்டாவிலிருந்து வந்த மௌசுமி
தாளை நாலாய் மடித்தாள், பிரித்தாள்.
ஏதோ கேட்டாள்.
மொழிபெயர்க்கும் பையன் தயங்கிச் சொன்னான்:
"அறையில் நாலு பேராம்.
ஆறடி தள்ளினா
படிக்கட்டுலதான் படுக்கணுமாம். எத்தனாவது படின்னு கேக்கறாங்க."

தூரம் இருமடங்கானால் கதிர் கால்பங்கு.
ஒவ்வொரு ஜூலையும் பலகையில் எழுதுகிறேன்.
ஐந்து மதிப்பெண் கேள்வி,
படம் வரைந்தால் முழுசாய்க் கிடைக்கும்.
தூரத்துக்கு
நாள் வாடகை உண்டென்று
பாடத்திட்டத்தில் இல்லை.

பிறகு நாற்பத்தோரு அறைகள்.
கோட்டைக் கருங்கல்
ராத்திரி பத்து மணிக்கும் சூடு கக்கும் சித்திரையில்
ஞாயிறு ஞாயிறாக.
டேப்பின் ஒரு முனையில் அறவாழி, முதுகலை இரண்டாம் ஆண்டு,
மறுமுனையில் நான்.
தலையணைகளில் கதிரளவு வில்லைகளை ஒட்டினோம்,
தாயின் தலையணையில் ஒன்று, பிள்ளையின் தலையணையில் ஒன்று.
நடுவில் சூட்கேஸை எல்லையாக நிறுத்தியது மௌசுமி.
அதன்மேல் ஏறி உட்கார்ந்து
அவள் மகள் துலி வில்லையை நக்கிப் பார்த்தது
எங்கள் முடிவுகளில் இடம்பெறவில்லை.

கட்டுரை போய் ஏழு மாதம்.
இரண்டாம் மதிப்பீட்டாளர்
மிக மரியாதையாக எழுதியிருந்தார்:
நோயாளிகள் ஏன் விருந்தினர் படுக்கையறையைப்
பயன்படுத்தவில்லை என்பதை ஆசிரியர்கள் விளக்கவும்.

அறவாழி சிரித்தான். நானும்தான்.
டீ ஆறிப்போயிருந்தது.
விளக்கினேன்:
ஐயா, அவர்களேதான் விருந்தினர்.
ஒன்றரை நாள் ரயிலேறி
காட்பாடியில் இறங்கியவர்கள்.
வீடு நாங்கள். படுக்கையறை எங்கே என்று
எங்களைத்தான் கேட்க வேண்டும்.

அழித்தேன்.
'சமூகப் பொருளாதாரக் காரணிகள்' என்று போட்டேன்.
மறு வாரமே ஏற்றுக்கொண்டார்கள்.

பேராசிரியர் நேர்காணலில்
அந்த இதழின் தரக்குறியீட்டைக் கேட்டார்கள்.
சொன்னேன், இரண்டு தசம இடங்கள் வரை.
நோயாளி எண் பதினேழை ஒருவரும் கேட்கவில்லை.

பதினேழின் வில்லையில் மட்டும்
அளவு பாதிக்கும் கீழே இருந்தது.
கருவிப் பிழை என்று
மூன்று நாள் தேடினேன்.
பிழையே இல்லை.
இரண்டாம் இரவு சூட்கேஸைத் தள்ளிவிட்டு
மௌசுமி தலைமாட்டைக் கால்மாடாக்கிப்
படுத்திருக்கிறாள்.
தைராய்டு கழுத்தில்தானே.
கழுத்துக்கும் குழந்தைக்கும் இடையே
நாலரை அடி.
அதே கட்டிலில்.
கால் விரலைப் பிடித்துக்கொண்டு
துலி தூங்கினாளாம்.

இப்போது தாளில் அந்த வரி இருக்கிறது.
முனவ்வர் அதைப் பெரிதாக்கி
'வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை' பலகைக்குக் கீழே
ஒட்டியிருக்கிறார்.
வங்காளத்தில் ஒரு எழுத்துப்பிழையாம்.
போகிறவர் யாரோ
பேனாவால் திருத்தியிருக்கிறார்.