உக்காரை

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழைய எனாமல் சட்டிகளுக்குள் பிறந்ததை
ஜபருல்லா ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு
மூடியில் ஆறு ஓட்டை குத்தி
"கடிக்காது தங்கச்சி" என்று தந்தார்.
செக்காலை ரோடு நெடுக
ஸ்கூட்டியின் முன்னால் பெட்டி கத்திக்கொண்டே வந்தது.

நிறம் பார்த்து உக்காரை என்று பேர் வைத்தேன்.
உட்காரவே இல்லை.
ஆத்தங்குடிக் கல்லில் நாலு காலும் நாலு திசையில் வழுக்க
பீரோவுக்கு அடியில் போனது.
போனதுதான்.

கை பிடிப்பது எனக்குத் தொழில்.
இரண்டாம் பீட் பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையம்.
காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வரிசை நிற்கும்.
முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டை,
"மூடிக்குங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."
இழுத்துக்கொள்ளப் பார்க்கிற கையை
இழுக்க விடாமல் வைத்திருக்கத் தெரியும்.
அழுகிற பிள்ளையின் மணிக்கட்டை
மடியில் வைத்திருக்கும் தாய்க்கே தெரியாமல்
பூட்டத் தெரியும்.

அந்தக் கையைத்தான் பீரோவுக்கு அடியில் நீட்டினேன்.
கட்டைவிரலில் தொடங்கி மூன்று கோடு.
மறுநாள் சர்க்கரை பார்க்க வந்த தபால்காரர் வயிரவன்
கோடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"உங்களுக்கு யாரும்மா ஊசி போட்டது?"

அதன் பிறகு பிடிக்கப் போகவில்லை.
தரையில் படுத்து
கையை மல்லாத்திப் போட்டுவிட்டு
மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தேன்.
வேலை இல்லாத கை என்று ஒன்று உண்டு என
அதற்குக் காட்ட வேண்டியிருந்தது.
கைக்குமே அது புதுசு.
மூக்கு ஒருநாள் வந்தது. மோந்தது. தும்மியது.
ஸ்பிரிட் வாடை.
சீயக்காய் தேய்த்துக் கழுவி
நெத்திலித் தலை ஒன்றை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுபடி படுத்தேன்.

தூக்குவதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.
நெஞ்சுக்கு அடியில் ஒரு கை.
பின்னங்காலுக்குத் தரை வேண்டும்,
ஆகவே இன்னொரு கை தரை.
அது நெளிவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும்.
நெளிந்த பிறகு இறக்கினால்
நெளிந்ததால் தப்பித்தேன் என்று படித்துக்கொள்ளும்.

ஒன்று இரண்டு என்று எண்ணினால்
என் குரல் லேப் குரலாகிவிடுகிறது.
அதனால் ஊர்களைச் சொன்னேன்,
புதுக்கோட்டை பஸ் போகிற வரிசையில்.
முதல் வாரம் முழுக்கக் கோட்டையூரில் இறங்கிவிடும்.
பள்ளத்தூர் தாண்டிய அன்று
இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
தோசைக்கல்லிடம் சொன்னேன்.

எதிர்வீட்டு நாச்சியப்பன் வந்து
பிடரியில் கொத்தாகத் தூக்கி
"இப்பிடித் தூக்கணும்க்கா" என்று காட்டியதில்
திரும்பவும் பீரோ, இரண்டு நாள்.
ஒன்றும் சொல்லவில்லை அவனை.
நானும் அப்படித்தானே தொடங்கினேன்.

இடையில் லேப்பில் ஒரு பொடியன்.
பூட்டாமல்
என் கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துக் காத்திருந்தேன்.
வரிசை முணுமுணுத்தது.
அவன் என் கையைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான்,
நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போனான்.
வரவில்லை.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம்.
கானாடுகாத்தான் வரை வந்துவிட்டோம்.
தோளில் தாடையை வைத்து
காதுக்குள் கரகரவென்று ஏதோ அரைத்துக்கொண்டிருந்தது.
அடுத்த தெருக் கல்யாண வீட்டில்
ஆயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டார்கள்.
ஓடட்டும் என்று நான் குனிந்தேன்.
பதினெட்டு நகமும் இறங்கின,
நைட்டி தாண்டித் தோல் தாண்டி.

ஓடுகிற நகம் எனக்குத் தெரியும்.
அது உதைக்கும், தள்ளும், கோடு போடும்.
இது தள்ளவில்லை.
இழுத்துக்கொண்டது.

வெடி ஓயும்வரை அசையாமல் நின்று
முகத்தை என் கழுத்துக்குள் புதைத்ததற்கோ
எனக்கோ
சொல்லிக்கொண்டே இருந்தேன்:
எறும்பு கடிச்ச மாதிரிதான்,
எறும்பு கடிச்ச மாதிரிதான்,
திருமயம்.