சீட்டு எடுத்த வருஷம்

தடைக்காலம் அறுபத்தோரு நாள்.
படகெல்லாம் கரையேறிப் பெயின்ட் பூசிக்கொள்ள
தொண்டி ஐஸ் பிளான்ட்டும் வாயை மூடியது.
பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக
வில்லாயுதம் சட்டையில் அமோனியா வாடை இல்லை.
பக்கத்தில் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

சீட்டுப் பணம் கையில் நின்றது.
தளம் போட்டிருக்கலாம். வளையலைத் திருப்பியிருக்கலாம்.
"கப்பல்ல போவமா, பூமயிலு?" என்றார்,
கடைத்தெருவுக்குக் கூப்பிடுகிற குரலில்.

சென்னையில் ஏறினோம். பதினோரு மாடி.
எங்கள் காசுக்கு வாய்த்தது உள்ளறை.
கட்டிலுக்கு எதிரே பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது.
கடல் பார்க்கிற ஆசையில் இழுத்தேன்.

சுவர்.

அவர் சிரித்த சிரிப்புக்கு
அடுத்த அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மேல்மாடியில், கடலுக்கு மேலே ஒரு குளம்.
நல்ல தண்ணீர்!
வேண்டாத ஆபீசர்களைத் தண்டனையாய் மாற்றி அனுப்புகிற
தண்ணியில்லாக் காட்டுக்காரி நான்
படியோரம் உட்கார்ந்து குடக்கணக்குப் போட்டேன்.
குடம் பத்து ரூபாய் என்றால்...
எண்ணிக்கை பாதியில் தப்பியது,
ஒரு குழந்தை ஓடிவந்து குதித்து
நாற்பது ரூபாயை வெளியே தெறிக்கவிட்டது.
அதன் அம்மா திட்டவில்லை.
நானும் நகரவில்லை, நனைந்தபடி இருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் ஐஸ் மேல் இறால் படுத்திருந்தது.
இவர் இறாலைப் பார்க்கவே இல்லை.
ஐஸில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து
"காத்துக்குமிழே இல்ல, நல்ல பார்" என்றார்
பரிமாறுகிற நாகாலாந்துப் பையனிடம்.
அவன் இன்னும் நாலு இறாலை வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் ராத்திரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு
"நம்ம ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.
ஒரு காவல்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
இருட்டில் ஓரிடத்தைக் காட்டினார்.
இலங்கைக்கும் அந்தாண்டையாம்.
எங்கள் கடல் அரைக் கிலோமீட்டருக்கு முழங்கால் ஆழம்.
இந்தக் கப்பல் அங்கே வந்தால் தரைதட்டும்,
பிள்ளைகள் ஏறிக் கபடி ஆடும்.
அஞ்சு நாள் கடல்மேல் கிடந்தோம்,
ஒரு சொட்டு உப்புத்தண்ணி மேலே படவில்லை.

திரும்பி வந்தபோது
தடை முடிய மூன்று நாளும் தொள்ளாயிரத்துச் சில்லறையும் மிச்சம்.
"காரங்காடு போவமா?" இந்தமுறை நான்.
பைக்கில் அரைமணி நேரம்.
அந்தப் போர்டைத் தாண்டித்தான்
வருஷக்கணக்காய் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.
ஒருநாளும் வண்டியை உள்ளே திருப்பியதில்லை.
அப்போதெல்லாம் பேசிக்கொண்டும் போனதில்லை.

வனத்துறைப் படகு. ஆரஞ்சு ஜாக்கெட்.
இரண்டு பக்கமும் அலையாத்தி,
சேற்றிலிருந்து ஆயிரம் விரலை நீட்டி மூச்சு விட்டது.
படகுக்காரப் பையன் பிரிட்டோ
கவுதாரி பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவன்
சட்டென்று நிறுத்தினான். படகும் நின்றது.
"வத்தம்க்கா. வெள்ளம் ஏற ஒரு மணி நேரம் ஆகும்.
இல்ல, எறங்கித் தள்ளணும்."

இவர் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் நான் இறங்கிவிட்டேன்.
முழங்கால்வரை வாங்கிக்கொண்டது சேறு.
வெதுவெதுப்பு. ஏதோ ஒன்று குதிகாலைக் கிள்ளியது.
இடது செருப்பு போனது போனதுதான்.
தள்ளினோம், படகு அசையவில்லை,
மறுபடி தள்ளினோம்.
மூச்சு வாங்க நின்றபோது
முகத்துக்கு நேரே தொங்கிய கிளையைக் காட்டி
"திரைய இழுத்துப் பாரு" என்றார்.
இழுத்தேன்.
ஒரு கொக்கு, கோபமாய், எழும்பிப் பறந்து
அவர் தோளில் வெள்ளையாய்க் கையெழுத்துப் போட்டுப் போனது.
பிரிட்டோ கரைகிடந்து சிரித்தான்.

வீட்டில், சேலைச் சேறு போக மூன்று குடம் ஆனது.
முப்பது ரூபாய். கணக்குப் பார்க்காமல் ஊற்றினேன்.
வலது செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது.

பதினைந்தாம் தேதி விடியுமுன் மோட்டார் ஓடியது.
சாயங்காலம் கொடியில் போட்ட அவர் சட்டையை
எடுத்து மோந்தேன்.

வந்துவிட்டார்.