இனம் என்னும் கட்டம்

ஊர் எது என்பார்கள்.
ராஜபாளையம் என்றதும் முகம் மலரும்:
"அடடா, அந்த வெள்ளை நாய்!"
இந்த வேலைகூட அப்படித்தான் கிடைத்தது.
உம் அல் குவைனில் நாய் விடுதி.
முதலாளி லெபனான்காரர், போனில் படம் பார்த்துவிட்டு
நாய்க்காரன் ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.
நான் பேண்டேஜ் துணி நெய்த தறிக்காரன்.
அந்த வெள்ளை நாயை நான் பார்த்ததெல்லாம்
பெரிய வீட்டு கேட்டின் கம்பி வழியே,
அதுவும் அது குரைத்து நான் ஓடியபோது.

சொல்லவில்லை. சம்பளம் ஆயிரத்து நானூறு திர்ஹாம்.

முதல் அறையில் ஒட்டகப்பால் குடிக்கும் சலூக்கி.
ஆறில் மூச்சுவிடத் திணறும் பிரெஞ்சு புல்டாக்,
அதற்குத் தனி ஏசி.
பதினான்கில் ஒருநாள்
மண் நிறத்தில் ஒன்று வந்து சேர்ந்தது,
கரிச்சட்டியை நக்கியதுபோல் வாய் மட்டும் கறுப்பு.

கொண்டுவந்தவர் லமார் ப்ரூட், மிசிசிப்பிக்காரர்,
ஹம்ரியா துறையில் ரிக்குகளுக்கு வெல்டிங் வைப்பவர்.
முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு.
நாயின் பெயர் ஓக்ரா.
அப்படியென்றால் வெண்டைக்காய் என்று
மரிசெல் சொன்னதும் சிரித்துவிட்டேன்.
அன்றிலிருந்து எனக்கு அவள் வெண்டை.

கம்ப்யூட்டர் இனம் கேட்டது.
"கர்" என்றார்.
பட்டியலில் இல்லை. மரிசெல் 'கலப்பு' என்று அடித்தாள்.
"கலப்பில்லை அம்மா. கர்."
அவள் போனில் அகராதியைத் திறந்து
கூச்சத்தோடு திருப்பிக் காட்டினாள்:
ஒன்று, இழிந்த நாய்.
இரண்டு, இழிந்த ஆள்.
லமார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.
"சரிதான். எங்கள் வீட்டில் ரெண்டு வகையும் இருந்தோம்."

பகலில் பன்றி மேய்க்குமாம் அந்த நாய்,
இரவில் தொட்டிலுக்குக் கீழே படுக்குமாம்.
காகித மில் பூட்டிக்கிடந்த குளிர்காலத்தில்
அணிலை மரத்தில் ஏற்றி நிறுத்திக் குரைக்குமாம்.
அப்பா சுடுவார். அம்மா குழம்பு வைப்பாள்.
அணிலா?
முதுகில் மூன்று கோடு போட்ட அணிலா?
"கோடெல்லாம் கிடையாது, நல்ல சதை" என்றார்.
எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஜூலையில் துறையில் வேலை முடிந்தது.
நாற்பத்தெட்டு டிகிரி.
வெயில் இறங்கும்வரை நாயை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்,
மனிதனை ஏற்றுவார்கள்.
லமார் போனார்.

அதன்பின் பணம் வந்தது,
ஒருமுறை முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்,
ஒருமுறை இருநூற்று எழுபத்தொன்று.
கைக்கு வந்ததை வந்தபடி அனுப்புகிறவனின் தொகை அது.
எனக்குத் தெரியும்,
அதே எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில்
வெளியே அனுப்ப வரிசையில் நிற்பவன் நான்.
பதினோரு வருஷத்தில்
வளைகுடாவுக்குப் பணம் அனுப்பும் ஒருவனை
இப்போதுதான் பார்க்கிறேன்.

செப்டம்பரில் வரவில்லை.
பதினான்கைக் காலி செய் என்றார் லெபனான்காரர்.
வெண்டையைத் தண்ணீர் மோட்டார் ஷெட்டுக்கு மாற்றினேன்.
காலையில் போனால்
மூன்று எலிகள், வாசலில், வரிசையாக.
எனக்கா, வாடகைக்கா, தெரியவில்லை.

அக்டோபரில் எல்லாம் மொத்தமாக வந்தது.
வெல்டிங் மெஷினை விற்றுவிட்டாராம்.

ஷார்ஜா கார்கோவில் படிவத்தை நானே நிரப்பினேன்.
இனம் என்னும் கட்டத்தில் மூன்றே எழுத்து,
ஆங்கிலத்தில் நான் அடிக்காமல் திருத்தாமல் எழுதிய
ஒரே சொல்.
கவுன்ட்டரில் இருந்த மலையாளி
அதை இரண்டு தரம் வாசித்தார்,
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நாய் பழக்குகிறவனா? ஊர் எது?"
ராஜபாளையம்.
"அடடா," என்று ஆரம்பித்தார், "அந்த வெள்ளை..."

பெட்டிக்குள் வால்
பலகையில் ஒருமுறை தட்டியது.

"இல்லை சேட்டா," என்றேன்,
"அது வேற வீட்டு நாய்."