ஏழாவது கட்டம்

சேதம் எழுதுவது என் பிழைப்பு.
நசுங்கிய பானெட், நொறுங்கிய முன்கண்ணாடி.
இன்சூரன்ஸ் படிவத்தில் ஏழாவது கட்டம்: காரணம்.
அதற்கு நேரே
நான்கு விரல் அகலம் இடம் விட்டிருப்பார்கள்.

கஜா அடித்த மறுவருஷம்
திருத்துறைப்பூண்டியில் எங்கள் மூன்றாம் குறுக்குத் தெரு
அண்ணாந்து பார்க்கவே பயந்து கிடந்தது.
வேதாரண்யம் பக்கம் தென்னைகள் படுத்த படுக்கையை
எல்லோரும் போய்ப் பார்த்திருந்தோம்.
முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை
மொட்டையடிக்கச் சொல்லி ஒரு மனு.
இருபத்துமூன்று பேர்.
பதினேழாவது கையெழுத்து என்னுடையது.

வெட்ட வந்தவர் பக்கிரிசாமி.
ஏறுமுன் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து
ஒருமுறை மேலே பார்த்தார்.
"முழுசாவா சார்?"
"முடிதானேய்யா, வளந்துடும்" என்றார்
சங்கச் செயலாளர் கோதண்டபாணி.
போன மாசம்தான் வைத்தீஸ்வரன் கோயிலில்
பேரனுக்கு முடி இறக்கிவிட்டு வந்திருந்தார்.
சிரித்தோம்.

சாயங்காலத்துக்குள்
வானத்தை நோக்கி ஆறு முண்டக் கைகள்.
ஆறு மணிக்கு இலை கூப்பும் மரம் அது.
அன்று ஆறு மணிக்குக்
கூப்ப எதுவுமில்லை.
காகங்கள் வந்தன.
கிளை இருந்த உயரத்தில்
வெறும் காற்றைச் சுற்றிவிட்டுப் போயின.

சித்திரையில் மேற்குப் பக்கப் பட்டை வெந்து வெடித்தது.
மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதித்தது.
கோதண்டபாணி இரண்டாவது ஏசி வாங்கினார்.
ஆனால் தளிர்த்ததே!
ஒவ்வொரு வெட்டுவாயைச் சுற்றியும்
முப்பது நாற்பது போத்து,
நட்டுவைத்த ஈட்டிகளாய்.
முன்னைவிடச் செழிப்பு என்று பேசிக்கொண்டோம்.
இருந்த சேமிப்பையெல்லாம் உடைத்து
பசிக்கு இலை வாங்கிக்கொண்டிருந்தது மரம்.

ஐந்தாம் வருஷம், ஐப்பசி.
புயல் இல்லை. புயல்சின்னம்கூட இல்லை.
பேருந்து நிலையத்துக் கட்சிக் கொடிகள்
கம்பத்தோடு ஒட்டிக் கிடந்த ஒரு தூறல் மாலை.
இலை மூடி, ஈரம் சுமந்து நின்ற
தொடைத் தடிமன் போத்து ஒன்று
கோதண்டபாணியின் காரில் இறங்கியது.

அளக்கப் போனவன் நான்.
விழுந்ததைப் புரட்டிப் பார்த்தேன்.
மரத்தின் மேல்தோலில் ஒட்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்,
சட்டையில் தைத்த பாக்கெட் மாதிரி.
கிளை என்றால்
வருஷத்துக்கு ஒரு சுற்று உள்ளே வேரோடியிருக்கும்.
இதற்கு உள்ளே இடமே இல்லை.
வெட்டுவாய்க்குள் கையை விட்டேன்.
முழங்கை வரை போனது.
நனைந்த புகையிலைத் தூள் போல
விரலோடு வந்தது மரம்.
முடி என்றோமே.

மிச்சத்தைக் கழிக்கப் பக்கிரிசாமி மறுபடி வந்தார்.
எங்கே வெட்டினால் சரி என்று கேட்டேன்.
கிளை கிளம்பும் இடத்தில்
தடித்திருந்த வளையத்தைத் தடவிக் காட்டினார்.
"இந்தக் கழுத்துக்கு வெளிய, ஒட்டினாப்ல. தானா மூடிக்கும்.
அதுவும் வேண்டாததை மட்டும்."
அன்றைக்கே தெரியுமா?
"தெரியும்."
கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.
"நீங்க மொட்டைக்குத்தானே சார் கூலி பேசுனீங்க."

ஏழாவது கட்டம் இன்னும் காலி.
இயற்கைச் சீற்றம் என்று எழுதினால் பணம் வரும்.
கோதண்டபாணி இரண்டு முறை போன் செய்துவிட்டார்.
பேனாவைத் திறந்து மூடுகிறேன்.
நான்கு விரல் இடத்தில்
இருபத்துமூன்று கையெழுத்துக் கொள்ளாது.