நான்கு குடம்

திரை நனைக்கத் தண்ணீர், குடம் நான்கு.
காத்தாயி கூலி, காலணா.
சவரிராயனின் செலவு நோட்டில்
அவ்வளவுதான் அவள்.
வருஷம் இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது.
ஊர் தலைஞாயிறு. மாதம் ஆடி.
பதினெட்டு கடந்தும்
அரிச்சந்திரா ஆற்றில் நண்டு வளைதான்.

துணி நனைந்தால்தான் வெளிச்சம் மறுபக்கம் போகும்.
தெற்கே உட்கார்ந்தால் இரண்டணா.
வடக்கே, துணிக்குப் பின்னால், அரையணா.
"குடிக்கவே ஊத்து தோண்டுறோம்,
வேட்டிக்கு நாலு குடமா?"
என்று யாராவது கத்தியிருப்பார்கள்.
நோட்டில் அது இல்லை. நானாகச் சேர்க்கிறேன்.

சுண்ணாம்புக் கட்டி வெள்ளையாய்க் கனன்றது.
அவன் கைப்பிடியைச் சுற்றினான்.
அரையணாப் பக்கத்தில்
துரை இடக்கையால் தொப்பி கழற்றினார்,
ஒருத்தி இடக்கையால் பிள்ளைக்குச் சோறூட்டினாள்.
சிரித்துச் சிரித்துப் புரையேறியது கூட்டத்துக்கு.

மூன்றாவது சுருள்.
எங்கோ ஒரு மதகு. பலகை ஏறுகிறது.
தண்ணீர்,
நுரை தள்ளிக்கொண்டு, சத்தமே இல்லாமல்.
யாரும் சிரிக்கவில்லை.
முன்னால் இருந்தவருக்கும் அது கிழக்கே ஓடியது,
பின்னால் இருந்தவருக்கும் கிழக்கே.
கை மாறிய துணியில்
ஆறு மட்டும் திசை மாறவில்லை.

படம் பார்த்துப் பயந்து ஓடியதாக
வேறு ஊர்களில் கதை உண்டு.
இங்கேயும் ஓடினார்கள்,
மடைவாயைப் பார்க்க.

காத்தாயி நின்றாள்.
வெள்ளம் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வந்தது,
துணி காய்கிறது.
நான்காவது குடத்தை
ஆற்றின் மேல் வீசினாள்.

கூடாரம் பிரித்த ஆறாம் நாள்
களத்தில் சிந்திக் கிடந்த நெல்
துணி சொட்டிய நீளத்துக்கு மட்டும்
ஒரே கோடாய் முளைத்தது.
அதுவும் நோட்டில் இல்லை.

நான் திருவாரூரில் டிஜிட்டல் ஓட்டுகிறேன்.
பொத்தானை அமுக்கினால் போதும்.
திரையை யாரும் நனைப்பதில்லை,
சத்தம் வெளியே வர
அதில் லட்சம் ஊசித்துளை.
ஸ்பீக்கர் கரகரத்தால் பின்னால் போவேன்.
திரையின் முதுகில், மங்கலாக,
இடக்கையால் விபூதி பூசிக்கொள்வான் கதாநாயகன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு
ஒயரைத் தேடுவேன்.