முதல் பீரியட்

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று
பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்.
பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.
க்ரீமில் இரண்டு சின்னங்கள்,
அவர்களுடைய கழுகும் எங்களுடைய ஆப்பிளும்.
எனக்கு ஆப்பிளின் காம்பு கிடைத்தது.

நான் வருகைப்பதிவு எழுத்தர்.
பதினேழு வருடமாக
யார் வரவில்லை என்று தட்டச்சு செய்வதே என் பிழைப்பு.
யாக்கிமா பள்ளத்தாக்கின் இந்த மூலையில்
பிள்ளைகளை முகத்தைக் கொண்டு அல்ல,
இல்லாமையைக் கொண்டு அறிந்தவள்.

என் கோப்புகளைக் கேட்டார்கள்.
பெயரை உரித்துவிட்டு எண்களைக் கொடுத்தேன்.
ஆறு மாதம் கழித்து
வண்ணம் பூசிக்கொண்டு திரும்பி வந்தன.
சிவப்பென்றால்
ஒன்பதாம் வகுப்பு தாண்டுவது கடினம்.
டாக்டர் ஹால்வர்சன் திரையைத் தொட்டுச் சொன்னார்:
"4471. எண்பத்து மூன்று சதவீத ஆபத்து.
காரணம் தெரியவில்லை."

உரித்தவள் நான்தானே.
எந்த எண்ணுக்குள் யார் என்று எனக்குத் தெரியும்.
4471, இரினேயோ சாவெட்ரா.
சொல்லக்கூடாது என்கிறது ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம்.
"எண்ணைப் பார்க்காதீர்கள்,
மணியைப் பாருங்கள்" என்றேன்.

பார்த்தார்கள்.
சிவப்பில் பாதி, நாள் முழுக்க வராதவர்கள் அல்ல.
முதல் பீரியட்டுக்கு மட்டும் வராதவர்கள்.
முதல் பீரியட், அல்ஜீப்ரா.

அவர்களில் ஓடெட் கிம்பல் என்ற ஆராய்ச்சி மாணவி மட்டும்
மறுநாள் விடியற்காலை
குழந்தைகள் காப்பகத்துக்கு எதிரே
உறைபனியில் காரை நிறுத்திக் காத்திருந்தாள்.
ஆப்பிள் பொதியும் கொட்டகைகளில் ஐந்து மணிக்கு ஷிஃப்ட்.
தாய்மார் போனபின் அண்ணன்மார், அக்காமார்
பிஞ்சுக் கைகளைப் பிடித்தபடி வாசலில்.
பதினொரு ஜோடி என்று எண்ணினாள்.
காப்பகம் திறப்பது ஏழரைக்கு.
எங்கள் மணி அடிப்பது ஏழு இருபத்தைந்துக்கு.

ஐந்து நிமிடம்.
அந்த ஐந்து நிமிடத்தை நகர்த்தப்
பதினொரு மாதம் ஆயிற்று.
கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒப்பவில்லை,
பேருந்து ஒப்பந்ததாரர் கடிதம் எழுதினார்,
மணியைத் தொடவே முடியவில்லை.
கடைசியில் அல்ஜீப்ராவை நகர்த்தினோம்,
நான்காம் பீரியட்டுக்கு.
பல்கலைக்கழகம் வேன் ஒன்று அனுப்பியது.
நாற்பது மைல் தாண்டி வந்த மூன்று கணித மாணவர்கள்
கடைசி பெஞ்சுகளில் பிள்ளைகளோடு பிள்ளைகளாக
தோளிடிக்க உட்கார்ந்தார்கள்.

இரினேயோ தேறினான். சி ப்ளஸ்.
3902 தேறவில்லை.
நேரம் மாறுவதற்கு முந்தின வாரமே
பேரிக்காய் பறிக்க ஆரிகனுக்குப் போய்விட்டது குடும்பம்.
அவள் கட்டம் இப்போது சாம்பல் நிறம்.
சாம்பலுக்கு என்ன பொருள் என்று
வண்ண விளக்கத்தில் இல்லை.

அறிக்கை அச்சாகி வந்தது.
நன்றியுரையில் என் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
அதை விடுங்கள்.
ஓடெட் என்னிடம் கேட்ட ஒரு கேள்விதான்
இன்னும் கூட இருக்கிறது:
"உங்களுக்கு முன்பே தெரியுமென்றால்
பதிவில் ஏன் இல்லை?"

காரணம் நிரப்பும் கட்டத்தைத் தட்டினால்
வரிசையாக விழும்:
நோய், மரணம், நீதிமன்றம், காரணமில்லை.
நூற்று நாற்பது காலைகள்
கடைசி வரியைத் தேர்ந்தெடுத்தது இந்த விரல்.
அந்த எண்பத்து மூன்றில்
என் பங்கு எவ்வளவு என்று
எந்தத் திரையும் காட்டவில்லை.

ஒப்பந்தத்தின் மூன்றாம் வருடம்
உங்களுக்கு என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள்.
ஒரு வரி, என்றேன்.
அந்தப் பட்டியலில் இன்னும் ஒரே ஒரு வரி.

இப்போது முதல் பீரியட் ஓவியம்.
இரினேயோ இன்னும் தாமதமாகத்தான் வருகிறான்,
சட்டைக் கையில் யாரோ ஒட்டிய காகித நட்சத்திரத்தோடு.
"என்ன போடறீங்க?" என்கிறான்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.
புதிய வரியை மென்பொருள் கம்பெனி
கோடையில்தான் சேர்க்குமாம்.
அதுவரை குறிப்புப் பெட்டியில்,
எந்தக் கணக்கும் எட்டிப்பார்க்காத இடத்தில்,
அடிக்கிறேன்:
தங்கை.