பனித்துளி என்று பொருள்

மைனஸ் முப்பத்திரண்டு காட்டுகிறது
வின்னிபெக் பணிமனை வெப்பமானி.
ஒவ்வொரு பேருந்துக்கும் மின்கம்பி செருகியிருக்கிறது,
இல்லையென்றால் விடியலில் ஒன்றும் உயிர்க்காது.
எனக்கு ஏழாம் மாதம்.
வயிற்றுக்கு இடம்விட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு
மோர்லியிடம் சொல்கிறேன்:
பெயர் முடிவாகிவிட்டது.
தால்.

கடிக்கப்போன சாண்ட்விச்சை உறைக்குள் திரும்ப வைக்கிறான்.
தால்?
தால். எபிரேயத்தில் பனித்துளி என்று பொருளாம்.
தெரியும், என்கிறான். எனக்குத் தெரியும், யோஹன்னா.

டார்சிக்குப் பிடித்தது வேறு காரணத்தால்.
அவன் அப்பா வழி ஐஸ்லாந்து மொழியில்
தால் என்றால் பேச்சு.
கிம்லி ஏரியில் பனியைத் துளைத்து வலை இறக்கியவர்கள்,
பேசாமலே வாழ்ந்து பேசாமலே செத்தவர்கள்.
இந்தக் குடும்பத்தில் ஒரு வாயாவது திறக்கட்டும் என்கிறான்.
எனக்கு அதெல்லாம் இல்லை.
நாக்கு மேலே போய்த் தொட்டு
இறங்குவதற்குள் முடிந்துவிடுகிற பெயர்.
குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.
உறைந்துபோன கார்க் கதவிடம் சொல்லிப் பார்த்தேன்.
கோபத்தில் கத்தியும் பார்த்தேன். அதுவும் முக்கியம்.

யாருடையது? என்று கேட்கிறான்.
யாருடையதா?
செத்துப்போன யாருடைய பெயர்?
எங்கள் வீட்டில் ஒருவர் காலி செய்தால்தான்
பெயருக்குள் இன்னொருவர் குடிவரலாம்.

யாருடையதும் இல்லை என்றேன்.
சொன்ன பிறகு அது
மேசை விளக்கின் கீழே
ரசீது இல்லாத பொருள்போலக் கிடந்தது.

உனக்கு வருத்தமா என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
சாண்ட்விச் தின்னப்போகும் ஒருவனிடம்
ஒரு முழு ஜனத்தின் கையெழுத்தைக் கேட்பதா?

அவன் கண்ணாடியைத் துடைத்தான்.
என் தாத்தா மொர்தெகாய்.
தையல் ஆலையில் சம்பளச் சீட்டு எழுதியவன்
நிமிர்ந்து பாராமல் மோர்லி என்று எழுதினான்.
வெட்டிய துணி வெட்டியதுதான்.
அவர் போனதும் இரண்டையும் எனக்குக் கொடுத்தார்கள்,
ஒன்று ஜெபத்துக்கு, ஒன்று சம்பளத்துக்கு.
இப்போது என் தெருவில் மூன்று எஸ்ரா, ஒரு லேவி,
எல்லாம் உங்கள் ஆட்கள்.
நான் மட்டும் மோர்லி.

பிறகு, ஞாபகம் வந்தவனாய்:
உன் பெயரும் எங்களுடையதுதான், தெரியுமா?
எருசலேமில் கிளம்பி
கிரேக்கத்தில் செருப்பைத் தொலைத்து
வடகடலில் மீன் தின்று தின்று
நிறம் மாறி உன் வீட்டுக்கு வந்தது.
திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டோமா?

கேட்கவில்லை. வைத்துக்கொள் என்றும்
அவன் சொல்லவில்லை.
மெயின் தெருவில் ஒரு பேருந்து நின்றுவிட்டதாகத்
தொலைபேசி அடித்தது.

மார்ச்சில் பிறந்தாள்.
பதிவு அலுவலகத்துப் பெண்
உயரம் என்கிற சொல்லா என்று கேட்டாள், கடைசியில் இரண்டு எல்லா?
ஒன்றுதான் என்றேன்.
அப்பா யூதரா?
இல்லை.
அம்மா?
இந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறதா என்றேன்.
இல்லைதான்.

ஏப்ரலில், அவர்கள் பஸ்கா பண்டிகை தொடங்கி
மூன்றாம் இரவு
மோர்லி கூப்பிட்டான்.
முதல் நாள் காலையில் பனித்துளிக்காக ஒரு ஜெபம் உண்டு,
மழை நின்றுபோகும் வெயில் நாட்டின் மன்றாட்டு.
இங்கே துளியாவதற்குள் கல்லாகிவிடும்,
இருந்தும் கேட்போம்.
நூறு பேர் எழுந்து நின்று
உன் மகள் பெயரைச் சொன்னோம்,
திரும்பத் திரும்ப.
அவளுக்காக இல்லை, கர்வப்படாதே.

பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும்
பேச்சில்லை.
குழந்தை எழுந்துவிட்டாள் என்று பொய் சொல்லி வைத்தேன்.
பொய் சொன்னதும் எழுந்தாள்.

கூரை விளிம்பில் ஏதோ சொட்டுகிறது,
பனியா தண்ணீரா, இருட்டில் தெரியவில்லை.
தால்,
ஆட்டுகிறேன்.
தூங்கு.